பெட்டி இருந்தால் வராத குறை

சென்ற வாரம் நிவேதா போன் செய்தாள். நான் வேலை பார்த்த வாகனக் கம்பெனியில், நான் இருந்த அதே பிரிவில் இப்போது இருக்கும் பெண். ஓய்வு பெற்று சொந்த ஊர் மார்க்கையன்கோட்டைக்கு வந்துவிட்ட என்னை யாராவது வேலை விஷயமாகக் கூப்பிட்டால் எனக்குப் பெருமைதான். ஆனால் அன்று அவள் குரல் உடைந்துபோயிருந்தது.

"மேடம், வண்டியில பெட்டியை மாட்டினா குறை வர மாட்டேங்குது. கழட்டினா வருது. எனக்குப் பார்க்கத் தெரியலைன்னு எல்லாரும் சொல்றாங்க."

நான் சிரித்துவிட்டேன். அவளுக்குக் கோபம் வந்தது. "உன்னப் பாத்துச் சிரிக்கலம்மா, மேகமலைய நெனச்சுச் சிரிச்சேன்" என்றேன். அப்படியென்றால் அந்தக் கதையைச் சொல்லுங்கள் என்றாள். போனில் தொடங்கினால் பாதியில் மீட்டிங் என்று ஓடிவிடுவாள். அதனால் எழுதுகிறேன். அவளுக்கு மட்டுமில்லை. கருவி காட்டவில்லை என்றால் குறையே இல்லை என்று நம்பும் எல்லோருக்கும் சேர்த்துத்தான்.

நான் படித்தது இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ. நெல்லும் வாழையும் தவிர வேறு பேச்சில்லாத ஊரிலிருந்து ஒரு பெண் அளவுக் கருவி படிக்கப் போனது எங்கள் தெருவுக்கு வேடிக்கையாக இருந்தது. "மீட்டர் ரீடிங் எடுக்கிற வேலையாத்தா?" என்று கேட்டவர்களிடம் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன். கம்பெனியில் சேர்ந்த முதல் சில வருடங்கள் வயர் சீவுவதிலும், சால்டரிங் புகையிலும், சோதனை வண்டியின் பின் சீட்டில் மடியில் கருவியோடு குலுங்குவதிலும் போயின. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதுகுவலி மட்டும் இன்னும் கூடவே இருக்கிறது.

பிறகு டீசல் வண்டிகளுக்கு ஈசியு வந்தது. இன்ஜினுக்கு எப்போது, எவ்வளவு டீசல் என்று முடிவு செய்கிற சின்னக் கம்ப்யூட்டர் அது. அதற்குள் இருக்கும் எண்களைத் திருத்தித் திருத்தி வண்டியை ஒழுங்காக ஓட வைப்பது எங்கள் வேலை. உள்ளே நடப்பதைப் பார்க்கவும் பதிவு செய்யவும் ஈசியுவோடு ஒரு கேலிபரேஷன் பெட்டியை இணைப்போம். டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். விலையைக் கேட்டால் அதை மடியிலிருந்து இறக்கவே மனம் வராது.

அதில் ஒரு சங்கடம் உண்டு. சாவியைத் திருப்பியதும் ஈசியு கண்மூடித் திறப்பதற்குள் விழித்துக்கொள்ளும். பெட்டிக்கு விழிக்க அதைவிட நேரமாகும். ஈசியு முந்திக்கொண்டால், இன்ஜின் பிடிக்கிற அந்த முதல் நொடிகள் பதிவாகாமல் போய்விடும். அதற்காக ஒரு ஏற்பாடு இருந்தது. பெட்டி மாட்டியிருப்பது தெரிந்தால் ஈசியு விழித்தவுடன் வேலையைத் தொடங்காமல் நிற்கும். பெட்டி "தயார்" என்று சொன்ன பிறகே தொடங்கும். தாய்மாமன் வந்து சேரும்வரை காதுகுத்தை நிறுத்தி வைப்பது போலத்தான். பெட்டி இல்லாவிட்டால் யாருக்காகவும் நிற்காது. இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பிரிவுத் தலைவர் வரதராஜன். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, பயமே அதுதான். எவ்வளவு பெரிய பிரச்சினையோடு ஓடிப்போனாலும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார், சட்டை நுனியில் துடைப்பார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், மறுபடி மாட்டிக்கொள்வார். பிறகு ஒரே கேள்வி: "பார்த்தீங்களா, நினைச்சீங்களா?" நினைத்தேன் என்றால் "போய்ப் பார்த்துட்டு வாங்க" என்பார். பார்த்தேன் என்றால் "காட்டுங்க" என்பார். காட்டுவதென்றால் பெட்டியில் பதிவான கோட்டைக் காட்டுவது. கோடு இல்லாமல் போனவர்களிடம் அவர் பேசுவதில்லை, நாற்காலியைத் திருப்பிக்கொள்வார். அவர் முதுகுக்குப் பின்னால் நாங்கள் அவரைப் "பார்த்தீங்களா" என்றே கூப்பிட்டோம். அவருக்கும் அது தெரியும்.

மேகமலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டின் ஆஸ்பத்திரி எங்கள் புது மாடல் வேனை ஆம்புலன்ஸாக வாங்கியிருந்தது. காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை என்று புகார் மேல் புகார். சின்னமனூரிலிருந்து மெக்கானிக் அந்தக் கரடுமுரடுச் சாலையில் ஏறிப் போய்ச் சேர்வதற்குள் வண்டி குத்துக்கல் மாதிரி நன்றாக இருக்கும். கடைசியில் எஸ்டேட் மேனேஜரிடமிருந்து சூடான பேச்சு வரவே வரதராஜனே கிளம்பினார். உங்கள் ஊர் மலைதானே என்று என்னையும் கூட்டிக்கொண்டார்.

மேலே போன பிறகுதான் முழுக்கதையும் தெரிந்தது. வேனுக்கு இரண்டு டிரைவர்கள், முறை வைத்து ஓட்டினார்கள். ஒருவர் ராயப்பன்பட்டி ஆரோக்கியம், இன்னொருவர் சின்னமனூர் பாண்டி. பாண்டியின் முறையில் வண்டி ஒருநாளும் மக்கர் செய்ததில்லை. ஆரோக்கியத்தின் முறையில்தான் தகராறு. அவர் செல்ஃப் அடித்து அடித்து ஓய்ந்த பிறகு தொழிலாளர் குடியிருப்பான லயன் வீட்டிலிருந்து பாண்டியைக் கூட்டி வருவார்கள். பாண்டி உட்கார்ந்தால் ஒரே அடியில் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். எஸ்டேட் முழுக்க இது சிரிப்பாகிவிட்டிருந்தது.

ஒரு காலையில் அந்தச் சிரிப்பு நின்றது. பிரசவ வலியில் துடித்த தாமரை என்ற கொழுந்து பறிக்கும் பெண்ணை வேனில் ஏற்றிவிட்டார்கள். வண்டி பிடிக்கவில்லை. பாண்டி அன்று ஊரில் இல்லை. கொழுந்து மூட்டை ஏற்றும் டிராக்டரில் அவளைப் படுக்க வைத்துக்கொண்டு இறங்கினார்கள். பாதி மலையில் ஒரு வளைவில் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தது அவர்கள் நல்ல நேரம்.

மேனேஜர் கோட்டயத்துக்காரர். எஸ்டேட்டில் எல்லோரும் தொரை என்பார்கள். "வண்டி புதுசு. பாண்டி எடுத்தா ஓடும், இவன் எடுத்தா இல்லா. பின்னே எந்தா அர்த்தம்? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார். "நீங்க ரிப்போர்ட் தந்தா போதும். ஆளை வண்டியிலிருந்து இறக்கிடுவேன்."

ஆரோக்கியம் அங்கேதான் நின்றார். தொரை உள்ளே போன பிறகு என்னிடம் மட்டும் சொன்னார். "நான் குடிக்கிறவன் இல்லம்மா. தூக்கத்துல வண்டி எடுக்கிறவனும் இல்ல. அந்தப் புள்ளய டிராக்டர்ல ஏத்துனாக பாருங்க, அது கத்துன சத்தம் இன்னும் காதுக்குள்ளயே இருக்கு. வேல போனாப் போகட்டும். வேணும்னு செஞ்சேங்கிறாக. அதத்தான் தாங்க முடியல."

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பெட்டியை மாட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும், இவருக்கு விடிவு வரும் என்று நம்பினேன். மாட்டினோம். மறுநாள் காலை ஆரோக்கியம் சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட் ஆனது. அடுத்த காலையும் ஆனது. அதற்கடுத்த காலையும் ஆனது. கோடுகள் எல்லாம் பாடப்புத்தகத்தில் போட்டது போல ஒழுங்காக இருந்தன. "இன்ஜினியர்மார் நிக்கும்போது ஒழுங்கா எடுக்கிறான், கண்டோ?" என்று தொரை கைதட்டாத குறை. விடிவு தருமென்று நான் மாட்டிய பெட்டி அவருக்கு எதிர்ச்சாட்சியாகிவிட்டது.

"வண்டியில் குறை காணப்படவில்லை. இதானே எழுதணும்?" என்றார் வரதராஜன்.

கிளம்புகிற காலையில் பெட்டியைக் கழற்றிப் பஞ்சு வைத்து மூடி ஜீப்பில் ஏற்றியாகிவிட்டது. வரதராஜன் முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் ஆஸ்பத்திரிக்கு மருந்து எடுத்து வர ஆரோக்கியம் வேனுக்குப் போனார். கதவுக்கு வெளியே நின்று சிலுவை போட்டுக்கொண்டார், ஏறினார், சாவியைத் திருப்பிய கையோடு செல்ஃப் அடித்தார். இன்ஜின் சுற்றியது. பிடிக்கவில்லை. சாவியை மூடித் திறந்து மறுபடி அடித்தார். பிடிக்கவில்லை. வண்டியின் முன்கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன்.

யாரோ ஓடிப்போய்ப் பாண்டியைக் கூட்டி வந்தார்கள். தலையில் கட்டிய துண்டோடு சிரித்துக்கொண்டே வந்தார். "நகரு மாப்ள, ஒனக்கும் அவளுக்கும் ராசியில்ல." ஏறி உட்கார்ந்தார். நான் அவர் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். சாவியைப் பாதி திருப்பினார். டேஷ்போர்டில் ஒட்டியிருந்த சின்ன அம்மன் சிலைக்குப் பின்னால் சிவப்பு பல்பு எரிந்தது. ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், ஏதோ முணுமுணுத்தார். பிறகுதான் செல்ஃப் அடித்தார். பிடித்துக்கொண்டது.

"அண்ணே, அந்த வெளக்கு எப்பவும் எரியுமா?"

"சாவியத் திருப்புனாத்தான் மேடம் எரியும். வீரபாண்டி ஆத்தா கண்ணு தொறந்த பெறகுதான கும்பிட முடியும்?"

"ஒங்க மொறையிலயும் தெனமும் இப்படித்தானா?"

"பின்ன? கும்பிடாம செல்ஃப்ல கை வைக்கிறதா?"

சாவிக்கும் செல்ஃபுக்கும் நடுவே ஒரு கும்பிடு நேரம். பெட்டி மாட்டியிருந்த நாட்களில் இன்ஜின் வழக்கத்தைவிட ஒரு சுற்று அதிகம் சுற்றிய பிறகே பிடித்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மலைக்குளிர் என்று அதை விட்டிருந்தேன். குளிர் காரணமில்லை. ஈசியு பெட்டிக்காக நின்ற நேரம் அது.

ஜீப்புக்கு ஓடினேன். "சார், குறை இருக்கு. பாத்தேன்."

கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். "காட்டுங்க."

"காட்ட முடியாது சார். பெட்டி இருந்தா வராது."

அவர் முகம் மெல்ல அந்தப் பக்கம் திரும்பியது. பக்கத்தில் தொரை வேறு நின்றார். எனக்கு அடக்க முடியாத கோபம் வந்தது. இத்தனை வருடத்தில் அவர் முன்னால் நான் குரல் உயர்த்தியது அன்று ஒருநாள்தான்.

"பெட்டி இருந்தா ஈசியு நமக்காக நிக்குது சார். பாண்டி வண்டி எடுத்தா ஆத்தா வெளக்குக்காக நிக்கிறாரு. ஆரோக்கியத்துக்கு யாரு சார் நிக்கிறா? வெளிய நின்னே சிலுவை போட்டுட்டு வந்து, ஏறுனதும் அடிச்சிர்றாரு. அந்த மொத நொடிய நாம பாக்கவே இல்ல. பாக்காததை இல்லன்னு எழுதப் போறோம்."

வரதராஜன் ஜீப்பிலிருந்து இறங்கினார். பின்னால் போய்த் தன் பையைத் தானே இறக்கித் தோளில் மாட்டிக்கொண்டார். "சரி. காட்டுறதுக்கு வழி பண்ணுங்க" என்றார்.

நான் நினைத்தது இதுதான். வேன் தினமும் நிற்கும் இடம் ஆஸ்பத்திரி முன்னால் இருக்கும் ஏற்றம். முன்பக்கம் மேட்டில், டீசல் டேங்க் இருக்கும் பின்பக்கம் பள்ளத்தில். ராத்திரி முழுக்கக் குழாயில் இருக்கும் டீசல் கொஞ்சம் கொஞ்சமாக டேங்குக்கே திரும்பிவிடும். காலையில் சாவியைத் திருப்பியதும் ஒரு சின்னப் பம்பு அதை மேலே ஏற்றும். அதற்குச் சற்று நேரம் வேண்டும். ஈசியுவோ எழுந்த கையோடு அழுத்தத்தைப் பார்க்கிறது. அழுத்தம் இல்லை என்றால் குழாய் உடைந்திருக்கிறது என்று பயந்து டீசலை நிறுத்திவிடுகிறது. அந்தப் பயம் உடனே போகாது. அவசர அவசரமாகச் சாவியை மூடித் திறந்தால் பழைய பயத்தோடே இருக்கும். சும்மா கிடந்தால் தூங்கி, மறந்து, புதிதாக எழும். பாண்டியைத் தேடிக் கூட்டி வருகிற நேரம் அதற்குப் போதும். சமதரையில் நிறுத்திச் சோதித்த எங்களுக்கு இது கண்ணில் பட வழியே இல்லை.

ஆனால் அதெல்லாம் நினைத்தது. பார்க்க வேண்டும். அதற்குப் பெட்டி ஈசியுவுக்கு முன்பே விழித்திருக்க வேண்டும். ஈசியு பெட்டிக்காக நிற்கவும் கூடாது. நிற்கும் ஏற்பாட்டை ஈசியுவுக்குள் போய் எடுத்துவிட்டேன். சாவியைத் தொடாமலே மின்சாரம் வரும்படி வண்டி பேட்டரியிலிருந்து பெட்டிக்கு நேராக வயர் இழுத்தேன். ஒரு காலைக்கு ஒரு வாய்ப்புதான். ஒருமுறை டீசல் மேலே ஏறிவிட்டால் அடுத்த நாள்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

முதல் காலை வண்டி பிடிக்கவில்லை. ஆகா என்று லேப்டாப்பைப் பார்த்தால் பதிவும் இல்லை. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியின் வோல்டேஜ் சட்டென்று இறங்கும் அல்லவா, அந்த இறக்கத்தில் பெட்டி அணைந்து மறுபடி எழுந்திருக்கிறது. டிராக்டர் ஷெட்டுக்குப் போய் அதே கொழுந்து டிராக்டரின் பேட்டரியைக் கழற்றித் தரச் சொன்னேன். தொரை முணுமுணுத்தார். வரதராஜன் ஒரு முனையைப் பிடிக்க, நான் மறுமுனையைப் பிடிக்க, தூக்கி வந்து வேனுக்குள் வைத்தோம். பெட்டிக்கு அது, வண்டிக்கு அதன் சொந்த பேட்டரி.

மறுநாள் காலை முதலில் பெட்டியை எழுப்பினேன். பச்சை விளக்கு நிலையாக எரியும்வரை ஆரோக்கியத்தைக் கதவுப் பக்கமே விடவில்லை. பிறகு கையசைத்தேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டு ஏறிச் சாவியைத் திருப்பிய கையோடு அடித்தார். பிடிக்கவில்லை. திரையில் அழுத்தக் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. ஈசியு டீசலை நிறுத்திய இடம் கத்தியால் வெட்டியது போலத் தெரிந்தது. வரதராஜன் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைக்கவே இல்லை.

தொரைதான் அசையவில்லை. "கோடெல்லாம் எனக்கு அறியாது. பாண்டி எடுத்தா வண்டி போகும். அதுதான் கணக்கு."

"அப்ப பாண்டியே எடுக்கட்டும். கும்பிடாம, உடனே அடிக்கட்டும்" என்றார் வரதராஜன்.

பாண்டி பின்வாங்கிவிட்டார். "அது மட்டும் முடியாது சார். ஆத்தாளக் கும்பிடாம சாவி போட்டா வண்டி மலையில நிக்காது."

"சாவி போடுறதுக்கு முன்னாடியே கும்பிட்டுருங்களேண்ணே" என்றேன்.

"இருட்டுக்குள்ள இருக்கிற ஆத்தாளை எப்படி மேடம் கும்பிடுறது?"

மறுநாள் காலை எல்லோரும் வேனைச் சுற்றி நின்றோம். பாண்டி சீட்டில் உட்கார்ந்துகொண்டு முரண்டு பிடித்தார். அப்போது மறுபக்கக் கதவைத் திறந்து ஆரோக்கியம் ஏறினார். சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து டார்ச்சைப் போட்டு அம்மன் முகத்துக்கு நேரே பிடித்தார். கழுத்தில் ஜெபமாலை, கையில் அம்மனுக்கு விளக்கு. "கும்பிட்டுக்க மாப்ள. நான் புடிச்சுக்கிறேன்" என்றார்.

பாண்டி அவரை ஒரு பார்வை பார்த்தார். நன்றாகக் கண்ணை மூடிக் கும்பிட்டார். பிறகு சாவியைத் திருப்பிய கையோடு அடித்தார். இன்ஜின் சுற்றியது, சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி அடித்தார். பிடிக்கவில்லை. அந்தக் குளிரிலும் பாண்டிக்கு நெற்றி வேர்த்துவிட்டது.

"இத்தன நாளும் ஒன்னய வச்சுச் சிரிச்சுட்டேனே மாப்ள" என்றார்.

ஆரோக்கியம் டார்ச்சை அணைத்தார். "விடு. ஆத்தா மேல கோவிச்சுக்காத. அவ வெளக்குலதான் பாதி நாள் இந்த வண்டி ஓடியிருக்கு."

வரதராஜன் தொரையிடம் திரும்பினார். "குறை எங்க வண்டில. உங்க டிரைவர் மேல தப்பில்ல. பார்த்தோம்" என்றார். தன் கம்பெனியின் குறையை வாங்கிய கஸ்டமர் முன்னால் இப்படிச் சொன்ன அதிகாரியை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. தொரை பாண்டியிடமிருந்து சாவியை வாங்கினார். பிறகு ஆரோக்கியத்திடம், "சாவி உன் கையிலேயே இருக்கட்டும்" என்றார்.

திருத்திய புரோகிராம் வரும்வரை சாவியைத் திருப்பிவிட்டுச் சற்று நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கினோம். "ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லி முடிச்சிட்டு அடிக்கிறேம்மா" என்றார் ஆரோக்கியம். கம்பெனியில் நான் செய்த மாற்றம் சின்னதுதான். பம்பு டீசலை ஏற்றி முடிக்கும்வரை ஈசியு பயப்படக் கூடாது. அவ்வளவே.

அதைப் போடுவதற்கு இன்னொரு முறை மேலே போனோம். மறுநாள் காலை ஆரோக்கியம் வெளியே நின்று சிலுவை போட்டார், ஏறினார், நிற்காமல் அடித்தார். ஒரே அடி. பிடித்துக்கொண்டது. நாங்கள் கைதட்டினோம். அவர் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே தாமரை கைப்பிள்ளையோடு நின்றாள். தடுப்பூசிக்குக் கீழே போக வேண்டும். அன்றைக்குப் பிறகு அவள் அந்த வேனில் ஏறியதே இல்லையாம். பஸ்ஸுக்கு நின்றிருந்தாள்.

ஆரோக்கியம் இன்ஜினை அணைத்தார். மறுபடி அடித்தார். பிடித்தது. அணைத்தார். மறுபடி அடித்தார். பிடித்தது. சூடான இன்ஜின் இரண்டாவது தரம் பிடிப்பது எதற்கும் சாட்சியில்லை என்று எனக்குத் தெரியும். வரதராஜனுக்கும் தெரியும். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

"இப்ப ஏறு தாயி" என்றார் ஆரோக்கியம்.

அவள் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து முன் சீட்டில் ஏறினாள். வேன் வளைவில் திரும்பி மறையும்வரை வரதராஜன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

அதனால் நிவேதா, பெட்டிக்குத் தனி பேட்டரி கொடு. உன் ஈசியு பெட்டிக்காக நிற்கிறதா என்று பார்த்து, நின்றால் அதை எடுத்துவிடு. அதற்கெல்லாம் முன்னால், நாளைக் காலையில் கையில் ஒன்றுமில்லாமல் போய் அந்த வண்டி பக்கத்தில் நில். குறை சொன்னவர் எப்படி ஏறுகிறார், எப்படிச் சாவியைத் தொடுகிறார் என்று கவனி. யாராவது "நினைச்சியா?" என்று கேட்டால், பார்த்தேன் என்று சொல். காட்டு என்பார்கள். காட்டும்வரை அந்த இடத்தை விட்டு இறங்காதே.